எம்1 கேரண்டா, எம்1ஏ-வா: ஒரு பழைய ரைஃபிளைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

அமெரிக்காவில், மரக்கட்டை பொருத்திய பழைய ராணுவ ரைஃபிளைக் கொண்டு இலக்கு சுடும் போட்டிகளில் பங்கேற்க விரும்புகிறவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று, இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கக் காலாட்படையினர் கையில் இருந்த எம்1 கேரண்ட். மற்றொன்று, அதன் வாரிசான எம்14-இன் வடிவத்தில், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டுமே வெளியேறும்படி பொதுமக்களுக்காகத் தயாரிக்கப்படும் எம்1ஏ. ஒஹாயோவில் வசிக்கும் நான் சில ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் தங்கள் ரைஃபிள்களை ஒரு கோடைக்காலம் முழுவதும் சுடுதளத்தில் என்னிடம் நம்பிக் கொடுத்ததால், இரண்டையும் நன்றாகச் சுட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க முடிந்தது. நான் கேரண்டைத் தேர்ந்தெடுத்தேன். எங்கே சுடப்போகிறோம், அந்த ரைஃபிளுக்குப் பொருந்தும் தோட்டாவை ஆண்டுக்கணக்கில் வாங்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டுதான் எந்த ரைஃபிள் என்ற கேள்விக்கே வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்னால் சட்டம் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே பொதுவாகத் தடைசெய்யப்பட்ட செயல். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நண்பருடன் சுடுதளத்துக்குப் போய் அவருடைய ரைஃபிளை ஒரு முறை கையில் வாங்கிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். விசாவையே பாதிக்கக்கூடிய விஷயம் என்பதால், வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் காலை விடக்கூடாது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவர்கள் சட்டப்படி கடையில் வாங்கலாம். ஆனால் அரசின் உபரிக் கேரண்ட்களை விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு, சுருக்கமாக சி.எம்.பி., அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே விற்கிறது. நான் குடியுரிமை பெற்ற பிறகே அந்தக் கதவு எனக்குத் திறந்தது.

மாநிலச் சட்டங்களும் இந்தத் தேர்வில் நேரடியாகக் குறுக்கிடுகின்றன. எம்1ஏ-வில் கழற்றி மாட்டும் மேகசின் உண்டு. குழலின் முனையில் சுடர்மறைப்பானும் உண்டு. கலிஃபோர்னியாவில் இவை இரண்டும் சேர்ந்து அமைந்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் தடைப்பட்டியலுக்குள் போய்விடும் என்பதால், அங்கே விற்கப்படும் எம்1ஏ-க்களில் சுடர்மறைப்பானுக்குப் பதிலாக உதைப்பைக் குறைக்கும் மஸில் பிரேக்கும் 10 தோட்டா மேகசினும் இருக்கும். கேரண்டில் கழற்றக்கூடிய மேகசினே கிடையாது; 8 தோட்டாக்களைப் பிடித்திருக்கும் ஒரு சிறிய எஃகுக் கிளிப்பை மேலிருந்து உள்ளே அழுத்தவேண்டும். ஆகவே, வேலை நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் மாறக்கூடிய குடும்பங்களுக்குக் கேரண்ட் தலைவலி குறைந்த துப்பாக்கி. எனக்கும் இது ஒரு காரணமாக இருந்தது.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கனடாவின் கியூபெக்கில் 1888-இல் பிறந்த ஜான் கேரண்ட், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதச்சாலையில் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய ரைஃபிள் 1936-இல் அமெரிக்க ராணுவத்தால் ஏற்கப்பட்டது. மற்ற பெரிய படைகளில் பெரும்பாலான வீரர்கள் ஒவ்வொரு முறையும் குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு அமெரிக்க வீரரின் கையிலும் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைக் கொடுப்பது என்று எடுத்த முடிவு அது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் செய்யப்பட்டன. கேரண்ட் தம் காப்புரிமைகளை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு 1,00,000 டாலர் அளிக்கக் கோரி நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவே இல்லை. அந்த மனிதரின் உழைப்பைக் கையில் பிடிக்கும்போதெல்லாம் இந்தச் செய்தி என் மனத்தை உறுத்துகிறது.

எம்14 அதே இயக்கமுறையின் வளர்ச்சி. 1957-இல் அது ஏற்கப்படுவதற்கு முன் நடந்த சோதனைகளில், டி44 என்ற பெயரில் அது மோதியது பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைஃபிளுடன், அந்த எஃப்.ஏ.எல். குடும்பத்தில் வந்ததுதான் நம் ஊரில் காவல்துறையினர் தோளில் நாம் பார்த்துப் பழகிய எஸ்.எல்.ஆர். எம்14 நீடிக்கவில்லை, 1960-களின் நடுவிலேயே எம்16 அதன் இடத்தைப் பிடித்தது. ஸ்பிரிங்ஃபீல்டின் அரசு ஆயுதச்சாலை 1968-இல் மூடப்பட்டது. பின்னர் அதே பெயரைச் சூட்டிக்கொண்ட தனியார் நிறுவனம்தான் இல்லினாய் மாநிலத்திலிருந்து எம்1ஏ-வை விற்கிறது. பழைய அரசு ஆலைக்கும் இந்த நிறுவனத்துக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை என்பதைப் புதிதாக வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். கேரண்டின் ரிசீவர், அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுக்கூடு, அடித்து உருவாக்கிய எஃகு. எம்1ஏ-வின் ரிசீவர் அச்சில் ஊற்றி வார்த்தது. ஆரம்பகால எம்1ஏ-க்களில் ராணுவக் கையிருப்பிலிருந்து வந்த உதிரிப்பாகங்கள் நிறைய இருந்தன. கையிருப்பு தீரத்தீர நிறுவனத்தின் சொந்தப் பாகங்கள் இடம்பிடித்தன. வார்ப்பு ரிசீவரை வைத்துக்கொண்டு பல்லாண்டுகளாகச் சிறப்பாகச் சுடுகிறவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள் என்பதால், இதை மட்டும் காரணம் காட்டி எம்1ஏ-வை ஒதுக்குவது நியாயமில்லை.

இனி, எங்கே சுடப்போகிறோம் என்ற கேள்வி. சி.எம்.பி. அமைப்பின் கீழ் நாடெங்கும் சங்கங்கள் நடத்தும் ஜான் சி. கேரண்ட் போட்டி, ராணுவம் வழங்கிய வடிவத்திலேயே இருக்கும் கேரண்டுக்கு மட்டுமான போட்டி. தூரம் 200 கெஜம். படுத்தபடி நிதானமாக 10 தோட்டா, படுத்தபடி 80 நொடிக்குள் விரைவாக 10 தோட்டா, நின்றபடி 10 தோட்டா. தொடக்கத்தில் குறி சரிபார்க்க 5. அந்த இலக்கில் 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 7 அங்குலம். சுடுகிறவர்கள் மினிட் என்று சொல்லும் கோண அளவு, 100 கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். 3 மினிட் அளவுக்குள் தோட்டாக்களைச் சேர்க்கும் ஒரு சாதாரணக் கேரண்ட், 200 கெஜத்தில் ஏறத்தாழ 6 அங்குலத்துக்குள் அவற்றைச் சேர்த்துவிடும். அதாவது துப்பாக்கியே 10 வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, வெளியே போவதெல்லாம் நம் மூச்சும் விரலும் செய்யும் வேலை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும், துல்லியம் கூடுதலான ரைஃபிளுக்காக அதிகப் பணம் செலவழிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போய்விட்டது.

எம்1ஏ வைத்திருப்பவர் இந்தப் போட்டியில் சேர முடியாது. நவீன ராணுவ ரைஃபிளுக்கான தனிப்பிரிவில் சுடலாம். 200, 300, 600 கெஜங்களில் நடக்கும் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளிலும் எம்1ஏ-வுக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்த வரிசையில் இன்று எம்16-இன் பொதுமக்கள் வடிவமான ஏஆர்-15 வகையே ஆட்சி செய்கிறது. எடையும் உதைப்பும் குறைந்த அதனுடன் போட்டியிட்டு வெல்வதற்காக எம்1ஏ வாங்குவது பொருத்தமான காரணம் அல்ல. மரக்கட்டையும் எஃகும் 7.62 தோட்டாவும் தரும் நிறைவுக்காக வாங்குகிறவர்களே அதில் மகிழ்ச்சியாக இருப்பதை நான் பார்க்கிறேன்.

எம்1ஏ உண்மையிலேயே மேலான இடங்களும் உண்டு. மேகசினைக் கழற்றி மாட்டுவது எளிது, ஏற்றுவதற்குத் தனிப்பயிற்சி தேவையில்லை, பாதிச் சுட்டபின் நிறுத்திக் காலி செய்வதும் எளிது. அதன் 7.62 தோட்டாவுக்கு இணையாகக் கடைகளில் விற்கும் .308 வகைத் தோட்டா எங்கும் கிடைக்கும். வாயு அமைப்பும் கேரண்டைவிட முதிர்ந்தது: குழலிலிருந்து வரும் வாயு ஒரு தனி பிஸ்டனுக்குள் புகுந்து அதைப் பின்னால் தள்ளும், பிஸ்டன் நகர்ந்ததுமே அதன் துளை விலகி, மேற்கொண்டு வாயு வருவது தானாகவே நின்றுவிடும். ஆகவே தோட்டாவுக்குத் தோட்டா ஏற்படும் வேறுபாட்டை அது பெருமளவு தாங்கிக்கொள்கிறது.

கேரண்டில் நிலைமை வேறு, இதில்தான் புதியவர்கள் மிகுந்த கவனம் செலுத்தவேண்டும். அதன் வாயுத்துளை குழலின் முனைக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே வரும் வாயு, ஆப்-ராட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நீண்ட, நடுவில் வளைந்த ஒரு தண்டை நேரடியாகப் பின்னால் தள்ளுகிறது. இந்த அமைப்பு 150 கிரெயின் எடையுள்ள குண்டும் அதற்கேற்ற வேகத்தில் எரியும் வெடிமருந்தும் கொண்ட ராணுவத்தின் எம்2 தோட்டாவுக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டது. கேரண்டின் தோட்டா வகை .30-06. இன்று கடைகளில் மான் வேட்டைக்காக விற்கப்படும் .30-06 தோட்டாக்கள் பலவற்றில் கனமான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் இருக்கும். மெதுவாக எரிவதால், குண்டு வாயுத்துளையைத் தாண்டும் நேரத்திலும் அழுத்தம் அதிகமாகவே இருக்கும். அந்த அடியைத் தாங்காமல் ஆப்-ராட் வளைந்துவிடக்கூடும். தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்பகுதியில் அது அமரும் இடத்தில், சரியாகப் பொருந்துகிறது, சத்தமும் சரியாக இருக்கிறது என்பதெல்லாம் எந்த உத்தரவாதமும் அல்ல. பெட்டியில் எம்1 கேரண்டுக்கானது என்று அச்சிட்டிருக்கும் தோட்டாவையே வாங்கவேண்டும். அல்லது வாயுவைக் குறைத்து விடக்கூடிய, திருகிச் சரிசெய்யும் கேஸ் பிளக்கைப் பொருத்திக்கொள்ள வேண்டும். சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் ஐ.எம்.ஆர். 4895 மருந்தை விரும்புவதற்கும் இதுவே காரணம். யானையை வாங்கினால் போதாது, கட்டித் தீனியும் போடவேண்டும் என்பார்களே, அது கேரண்டுக்கு அப்படியே பொருந்தும். வாங்கும் முன்பே, என் ஊரைச் சுற்றியுள்ள கடைகளில் இந்த வகைத் தோட்டா தொடர்ந்து கிடைக்கிறதா என்று ஒரு பருவம் முழுவதும் விசாரித்து வைத்தேன். பழைய கையிருப்புத் தோட்டா என்றால் அதன் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதிச் சிறு கிண்ணம், அரிக்கும் வகையைச் சேர்ந்ததா என்றும் கேட்கவேண்டும். அப்படியானால் சுட்ட அன்றே குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் துரு ஏறிவிடும்.

ஒஹாயோவில் போர்ட் கிளின்டன் அருகே, 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவரும் கேம்ப் பெர்ரி வளாகத்தில் சி.எம்.பி. விற்பனைக்கூடம் இருக்கிறது, மற்றொன்று அலபாமாவின் அனிஸ்டனில். குடியுரிமைச் சான்று, இணைக்கப்பட்ட சங்கம் ஒன்றின் உறுப்பினர் அட்டை, சுடும் பயிற்சி பெற்றதற்கான சான்று ஆகியவற்றுடன் பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்தாக வேண்டும். கூடத்தில் வரிசையாக நிற்கும் ரைஃபிள்களில் கட்டையின் அழகைப் பார்த்து மயங்குவது இயல்பு. ஆனால் பார்க்கவேண்டியது குழலின் இரு முனைகள். கேரண்டின் ரிசீவர் பின்பக்கம் மூடியிருப்பதால், ராணுவத்தில் எஃகுக் கம்பியை முன்முனை வழியாகவே செருகிச் சுத்தம் செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் அந்தக் கம்பி உரசியே முன்முனையில் குண்டைச் சுழலவைக்கும் வரித்தடங்கள் தேய்ந்துபோன துப்பாக்கிகள் ஏராளம். வாய்த் தேய்மானத்துக்கும் சேம்பர் பக்கத் தேய்மானத்துக்கும் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தொங்கவிட்டிருக்கும் அட்டையில் அந்த எண்கள் இருந்தால் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாரிடம் வாங்குவதானால், மருந்தில்லாத டம்மி தோட்டாவின் கூர்முனையைக் குழலின் வாயில் வைத்துப் பார்ப்பது விரைவான ஒரு சோதனை: குண்டின் ஒரு பகுதி வெளியே தெரிந்தால் நல்லது, பித்தளைக் கூட்டின் விளிம்பு வரை உள்ளே போய்விட்டால் வாய் தேய்ந்திருக்கிறது.

நான் எடுத்த ரைஃபிளின் ரிசீவர் போர்க்காலத்தது. ஆப்-ராட்டைப் பின்னால் இழுத்தால் வலப்பக்கத்தில் தெரியும் குழலின் முத்திரையோ 1950-களைச் சேர்ந்தது. போருக்குப் பின் ஆயுதச்சாலையில் பிரித்துச் செப்பனிட்டு, புதுக் குழல் மாட்டியிருக்கிறார்கள். எல்லாப் பாகங்களும் ஒரே ஆண்டைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்று தேடுகிறவர்கள் சேகரிப்பாளர்கள்; சுடுகிறவருக்கு இப்படிச் செப்பனிட்ட துப்பாக்கியே மேல், விலையும் குறைவு. கட்டையின் இறுக்கத்தை, விசையைச் சுற்றியிருக்கும் வளையமான டிரிகர் கார்டு காட்டிக்கொடுக்கும்: அதை மூடும்போது கடைசிப் பகுதியில் நல்ல எதிர்ப்பு இருக்கவேண்டும். தொளதொளவென்று மூடிக்கொண்டால் மரம் நசுங்கிப்போயிருக்கிறது, குறியும் நிலைக்காது. வீட்டுக்கு வந்ததும், காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆப்-ராட்டை அதன் இடத்தில் வைத்து ரைஃபிளை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தேன். தன் எடையிலேயே அது தடையின்றி வழுக்கி ஓடவேண்டும். எங்காவது சிக்கினால், எந்த இடத்தில் மரத்திலோ குழலிலோ உரசுகிறது என்று கண்டுபிடிக்காமல் சுடக்கூடாது.

ஏற்றும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கட்டைவிரல் நசுங்கிய கதை கேரண்ட் வைத்திருப்பவர்கள் பலரிடமும் உண்டு. வலது உள்ளங்கையின் ஓரத்தால் ஆப்-ராட் கைப்பிடியைப் பின்னால் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே கையின் கட்டைவிரலால் கிளிப்பை நேராகக் கீழே, கிளிக் என்று பிடிக்கும் வரை அழுத்தவேண்டும். பிறகு கட்டைவிரலை மேலே எடுத்த பின்னரே கையை விலக்கவேண்டும். கிளிப் பிடித்ததும் சில துப்பாக்கிகளில் போல்ட் உடனே பாயும். சிலவற்றில் கைப்பிடியை உள்ளங்கையால் ஒருமுறை தட்டவேண்டியிருக்கும். மேல் தோட்டா வலப்பக்கம் அமையும்படி கிளிப்பை நிரப்புவது பழைய வழக்கம். நானும் அப்படியே செய்கிறேன். விரைவுச் சுற்றில் முதலில் 2 தோட்டாக் கிளிப், பிறகு 8 தோட்டாக் கிளிப் என்று மாற்றவேண்டும். இந்த மாற்றத்தைப் படுத்த நிலையிலேயே டம்மி தோட்டாக்களுடன் வீட்டில் பழகியதுதான், சுடுதளத்தில் செலவழித்த எந்தத் தோட்டாவையும்விட என் மதிப்பெண்ணை உயர்த்தியது.

இரு துப்பாக்கிகளுக்கும் பொதுவான ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டிலும் பிரைமரைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின், ஸ்பிரிங் பிடிப்பின்றி சுதந்திரமாக அசையும். தோட்டாவை ஏற்றிச் சுடாமல் வெளியே எடுத்து அதன் பிரைமரைப் பார்த்தால், ஊசிமுனை தொட்டதுபோல ஒரு சிறு குழி இருக்கும். சேம்பருக்குள் கையால் ஒரு தோட்டாவைப் போட்டுவிட்டு போல்ட்டை முழுவேகத்தில் பாயவிட்டால், மேகசினிலிருந்து தோட்டாவை உருவும் தடை இல்லாததால் அது கூடுதல் வேகத்துடன் மோதும். பிரைமர் மென்மையானதாகவோ சரியாக உள்ளிறங்காமலோ இருந்தால் விசையைத் தொடாமலேயே வெடித்துவிடலாம். ஒவ்வொன்றாகச் சுட விரும்பினால் எம்1ஏ-வில் மேகசின் வழியாகவும், கேரண்டில் அதற்கென்றே விற்கப்படும் ஒற்றைத் தோட்டாக் கிளிப் வழியாகவும் ஏற்றவேண்டும். சொந்தமாக நிரப்புகிறவர்கள் ராணுவ அளவுக்குக் கடினமான பிரைமரையே பயன்படுத்தவேண்டும்.

பராமரிப்பில் இரண்டுக்கும் அதிக வேறுபாடில்லை. போல்ட்டின் பிடிகளிலும், ஆப்-ராட் ஓடும் தடத்திலும், ரிசீவரில் போல்ட் தேய்த்தோடும் இடங்களிலும் எண்ணெய்க்குப் பதிலாக கிரீஸ் போடவேண்டும். இந்த வழுக்குப் பரப்புகளில் எண்ணெய் நிற்காது. குழலை முன்முனையிலிருந்துதான் சுத்தம் செய்யவேண்டும் என்பதால், வாயைக் காக்கும் பித்தளை வழிகாட்டி அவசியம். கேரண்டின் கேஸ் சிலிண்டரின் உட்புறத்தைச் சுரண்டித் தேய்க்கக்கூடாது. அங்கே அளவு கூடினால் இயக்கம் தளரும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். சுட்டபின் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் சாப்பிடவேண்டும், ஏனெனில் ஈயத்தூள் விரல்களில் ஒட்டியிருக்கும். காதுக்கு உறையும் அடைப்பானும் சேர்த்தே அணிகிறேன். வீட்டில் ரைஃபிள் இரும்புப் பெட்டகத்திலும் தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியிலும் இருக்கின்றன. ஊரிலிருந்து உறவினர்கள் குழந்தைகளுடன் வந்து தங்கும் வீடு என்பதால், சாவி இருக்கும் இடம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

எம்1ஏ-வின் பக்கம் சாய்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. 300 கெஜத்துக்கும் அப்பால் சுட வாய்ப்புள்ள தளம் அருகில் இருந்து, மாநிலச் சட்டமும் இடம்கொடுத்து, தோட்டா வாங்குவதில் ஒவ்வொரு முறையும் பெட்டியைப் படித்துக்கொண்டிருக்க விருப்பமில்லை என்றால், எம்1ஏ அவர்களுக்குக் கூடுதல் நிறைவு தரும். அதில் தொலைநோக்கி பொருத்தும் எண்ணம் மட்டும் வேண்டாம். மவுண்ட் உயரமாக நிற்பதால் கன்னம் கட்டையில் படியாது, அது இளகாமல் நிற்கவைப்பதும் பாடு. இரண்டு ரைஃபிள்களின் திறந்த துளைக்குறிகளும் ராணுவ ரைஃபிள்களில் மிகச் சிறந்தவை, அவற்றோடு பழகுவதே மேல்.

இடைப்பட்ட வழி ஒன்றும் இருக்கிறது. 1960-களில் அமெரிக்கக் கடற்படை, கேரண்ட்களை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றிப் பயன்படுத்தியது, இன்றும் புதிய .308 குழல் பொருத்திய கேரண்ட்கள் விற்பனைக்கு வருகின்றன. கேரண்டின் கட்டமைப்பும் .308-இன் எளிதான கிடைப்பும் ஒருசேர வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம். ஆனால் அதிலும் வாயுத்துளை இருக்குமிடம் மாறவில்லை என்பதால், கனமான குண்டுள்ள வேட்டைத் தோட்டாக்களை அதற்கும் கொடுக்கக்கூடாது. எங்கள் சங்கத்தில் அடுத்து வாங்க நினைக்கும் இளைஞர் ஒருவருக்கு இப்போது இதைத்தான் பரிந்துரைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன் என் கேரண்டையும் இன்னொருவரின் எம்1ஏ-வையும் இந்தக் கோடை முழுவதும் அவர் சுட்டுப் பார்க்கட்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது.